ஆயிரத்து நானூறு

மனேச்சர் கேட்டார்: "புது ஃபயர்வோல் எங்கை?"
அதே பழைய சேர்வரைக் காட்டினேன்.
உருவில்லை, உள்ளுக்கை ஓடுது.
"கோயில் ஐயரும் உப்பிடித்தான் சொல்லுறவர்."

இரவு பதினொன்று. ஸ்ரான்லி வீதியில்
கொத்துத் தகடும் அடங்கிவிட்டது.
கிளிநொச்சிக் கிளையிலிருந்து கஜவதனன்:
"பிங் வருது அக்கா,
கணக்குப் பைல்தான் போகேல்லை."

விதிகளை மூன்றுதரம் வாசித்தேன்.
மெய்நிகர் பெட்டியை அழித்துத் திரும்ப எழுப்பினேன்.
அதே கதை.
பிறகு பொதியைக் கொஞ்சங் கொஞ்சமாய்ச் சிறிதாக்கினேன்.
ஆயிரத்து ஐந்நூறு, நிண்டுது.
ஆயிரத்து நானூற்றைம்பது, நிண்டுது.
ஆயிரத்து நானூறு
போட்டுது.

சுரங்கத்துக்குள் போகிற பொதிக்கு
மேலே இன்னொரு உறை. அதற்கும் இடம் வேண்டும்.
மறந்துவிட்டேன்,
முகமாலையில் சூட்கேசைத் திறந்து
பாதியை எடுத்துவைத்துக் கடந்த நான்.

"வந்திட்டுது அக்கா, படுங்கோ."
ரிக்கற்றில், காரணம் என்ற கட்டத்தில்,
அளவு என்று மட்டும் எழுதி மூடினேன்.