உடைசல்

சம்பளம் வர இன்னும் ஒன்பது நாள்.
பர்ஸில் நூற்று நாற்பது ரூபாய்,
மெட்ரோ கார்டில் எவ்வளவென்று
பார்க்கப் பயமாக இருக்கிற ஏதோ கொஞ்சம்.
இந்த மாதிரி நாளில்தான்
சூளைமேடு ஜெயசீலன் ஸ்டோர்ஸின் கீழ்த்தட்டு
என் கண்ணுக்குத் தெரியும்.

மேலே முழுசானவர்கள் இருக்கிறார்கள்:
முழு முந்திரி, கட்டு கலையாத அப்பளம்,
டப்பாவில் ஓடுகிற ஆள் படம் போட்ட ஓட்ஸ்.
கீழே,
எறும்பு மருந்துக் கோட்டுக்கு உள்ளே,
விழுந்தவை, நொறுங்கியவை, சலித்தபோது மிஞ்சியவை.
பாலித்தீன் பையில் ரப்பர் பேண்ட் போட்டு
ஸ்கெட்ச் பேனாவில் விலை எழுதியவை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

அப்பள உடைசல், கால் கிலோ முப்பத்தைந்து.
பொரிக்க வாணலி நிறைய எண்ணெய் கேட்காது.
ஒரு கரண்டி போதும்.
வெங்காயம் சிவந்ததும் அள்ளிப் போட்டு
மிளகாய்த்தூள் தூவி நாலு புரட்டு.
ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் உட்கார
அதைவிடத் தகுதியான ஆள்
இந்த ஊரில் இல்லை.

நொய்.
கோழிக்குப் போடுவது என்று முகம் சுளித்தாள்
அறைத்தோழி ஹெப்சிபா.
ஒரு டம்ளருக்கு ஐந்து டம்ளர் தண்ணீர்,
தட்டிப் போட்ட பூண்டு,
ஆறியபின் மோர்,
தொட்டுக்கொள்ளக் கருகக் கருக ஒரு மோர்மிளகாய்.
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்தவள்
ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்திரத்தை வழித்துவிட்டு
"கோழிங்க விவரமானதுங்கடி" என்றாள்.

மிக்சர் தூள்,
ஜாடியின் அடியில் தங்குவது, பொட்டலம் பத்து ரூபாய்.
தயிர்சாதத்தின் மேல் தூவுங்கள்.
ஒரு வாயில் ஓமப்பொடி,
அடுத்த வாயில் யாரும் எடுக்காமல் விட்ட கறிவேப்பிலை,
யோகம் இருந்தால்
என்றைக்காவது ஒரு அரை முந்திரி.
வந்த அன்று ஹெப்சிபாவுக்கு போன் செய்து சொன்னேன்.

ரஸ்க் தூளைப் பாலில் போடலாம்.
ஜவ்வரிசி தூளை மட்டும் நம்பாதீர்கள்.
அதில் பாயசம் வராது.
சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

போன செவ்வாய்க்கிழமை
கீழ்த்தட்டில் அப்பளம் இல்லை.
"உடைசல் தீர்ந்துடுச்சா?"
"இரும்மா, உள்ள பாக்குறேன்."
ஜெயசீலன் கிடங்குக்குப் போனார்.

கல்லாவுக்கு மேலே சிசிடிவி.
நாலு கட்டமாகப் பிரிந்த திரை.
மூன்றாவது கட்டத்தில்
அரிசி மூட்டைகளுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்று
புதுக்கட்டு ஒன்றைப் பிரித்தார்.
அத்தனையும் வட்டம்.
நிலா என்று எழுதக் கை வருகிறது.
வேண்டாம், அப்பளம்தான்.
அரைக்கிலோ படிக்கல்லை எடுத்துப்
பை மேல் வைத்து அழுத்தினார்.
திரையில் சத்தமில்லை.
கிடங்கிலிருந்து நேராகவே கேட்டது,
சருகில் யாரோ நடப்பதுபோல.

வந்தார்.
"முப்பத்தஞ்சு."
விரல் நுனியில் மாவு.
சில்லறையை எண்ணி வைத்தபடி
"இன்னைக்குப் பெரிய பெரிய துண்டா இருக்கே" என்றேன்.
"லோடு இறக்கறப்போ போட்டுட்டானுங்க,
பொறுப்பே கிடையாது."
என் பின்னால் நின்றவர் சீயக்காய் கேட்டார்.
அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராத்திரி
பையைச் செய்தித்தாளில் கொட்டினோம்.
நடந்ததைச் சொன்னேன்.
ஹெப்சிபா ஒன்றும் சொல்லாமல்
துண்டோடு துண்டை ஒட்டவைத்துப் பார்த்தாள்,
எலும்பு முறிவு வார்டில் வேலை பார்ப்பவள்.
ஒரு வட்டம் கூடி வந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதுக்கு ஒரே ஒரு விளிம்பு குறைந்தது.
பைக்குள் கைவிட்டுத் தேடினாள்,
பாய்க்கு அடியில் பார்த்தாள்.

"எண்ணெய் காஞ்சிடுச்சு" என்றேன்.
"இரு" என்றாள்.
புகை வந்தது.
சரி, போடு என்றாள்.