அறையின் ஒலி

கராச்சியில் ஜூன்.
படப்பிடிப்புக்கென்று நாள் வாடகைக்கு எடுத்த பங்களா.
ஏசியை அணைக்கச் சொல்பவன் நான்.
அதனாலேயே இந்த யூனிட்டில்
ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது.

இக்லாக் பாய், இன்னும் எவ்வளவு நேரம்?
அந்தத் தண்ணீர் லாரி போகட்டும்.
அந்தக் காகம் சொல்லி முடிக்கட்டும்.
பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு முடிந்து
அடுத்த தெருவில் தொடங்கி
அதுவும் முடியட்டும்.

கதையில் அவன் தைமூர், அவள் மஹ்ருக்.
இருபத்தாறு எபிசோடுகள்.
அவன் கை அவள் துப்பட்டாவின் நுனிவரை வரும்,
நான்கு விரற்கடை தள்ளி நின்றுவிடும்.
அவ்வளவுதான்.
அதற்கே முல்தானில் ஒரு வீட்டில் ரொட்டி கருகும்.
பெஷாவரில் ஒரு கடைக்காரர்
சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுப்பார்.
தொட்டிருந்தால்
இவ்வளவு நடந்திருக்காது.

கட் சொன்னதும்
அவன் தன் வேனுக்கு, அவள் தன் வேனுக்கு.
இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை,
போஸ்டரில் யார் பெயர் முதலில் என்ற தகராறு.
அவள் கழுத்தெலும்பருகே ஒளித்த மைக்
என் காதில்தான் முடிகிறது.
அழும் காட்சியில்கூட அவள் மூச்சு
கணக்குப் பிசகாது. தொழில்.
அவன் மட்டும், பிரியும் காட்சியில்,
வசனத்துக்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்கினான்.
ஸ்கிரிப்டில் அது இல்லை.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வோர் அறையிலும் வேலை முடிந்தபின்
முப்பது நொடி வெறும் மௌனத்தைப் பதிவு செய்வேன்,
வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட.
ஒரு வீட்டின் மௌனம் இன்னொரு வீட்டுக்கு ஒட்டாது,
ரத்த வகை மாதிரி.
அசையாதீர்கள் என்பேன்.
கெட்டிலோடு டீப் பையன்,
ஏணி உச்சியில் லைட்காரர்,
கன்னத்தில் பான் ஒதுக்கிய மாமியார்,
எல்லோரும் அப்படியே உறைவார்கள்.

நுத்ரத் மட்டும் எழுதிக்கொண்டிருப்பாள்.
கன்டின்யூட்டி அவள் வேலை.
கோப்பை எந்தக் கையில் இருந்தது,
முடி எந்தத் தோளில் கிடந்தது,
கண்ணீர் எந்த இடம்வரை காய்ந்திருந்தது.
ஊரார் கண்ணீரின் அளவெல்லாம் தெரியும்,
தன் டிபன் பாக்ஸை எங்கே வைத்தாள் என்பது தெரியாது.

சிந்து ஹைதராபாதின் கண்ணாடி வளையல் மூன்று.
பதினேழாவது நொடியில் பக்கம் புரட்டுவாள்.
கண்ணாடி மேல் கண்ணாடி.
ஒலி என்று சொல்வதற்குக் கொஞ்சம் குறைவு.

அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும்.
பதினோரு வீடுகளின் மௌனம் என்னிடம் இருக்கிறது.
பதினொன்றிலும் அது இருக்கிறது.

இருபத்து மூன்றாம் எபிசோடு வியாழன் இரவு எட்டுக்கு.
தலாக் முடிந்து மஹ்ருக் தனியே உட்கார்ந்திருக்கும் காட்சி.
எடிட்டர் அவசரத்தில் என் மௌனத்தை
முழுதாக அடியில் விரித்துவிட்டார்.
நாடே அழுதது என்றார்கள்.
நான் பதினேழு வரை எண்ணினேன்.

மறுநாள் காலை, கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது
நோட்டோடு வந்து நின்றாள்.
நாற்பத்தோராம் சீனில் மஹ்ருக் கையில் வளையல் இல்லை.
முந்தைய சீனிலேயே கழற்றிவிட்டாள்.
பிறகு சத்தம் எப்படி வந்தது?
தவறு என்னுடையது என்றேன்.
எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள்.
எழுதினாள்:
சீன் 41, வளையல், பொறுப்பு இக்லாக்.
பேனாவை மூட மட்டும்
கொஞ்சம் அதிக நேரம் எடுத்தாள்.

அன்று மாலை, பன்னிரண்டாவது வீடு.
அசையாதீர்கள் என்றேன்.
அவள் கைகள் வெறுமையாக இருந்தன.
மேசையில், நோட்டின் மேல், மூன்று வளையல்கள்.
முப்பது நொடி.
இந்தத் தொழிலில் இருபது வருடம்,
இவ்வளவு சுத்தமான மௌனம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

சரியாக வரவில்லை, இன்னொன்று என்றேன்.

டைரக்டர் பஞ்சாபியில் ஏதோ திட்டினார்.
ஏணியில் இருந்தவர் அல்லாஹ்வை அழைத்தார்.
நுத்ரத் தலை நிமிர்ந்து பார்த்தாள்,
பிறகு மேசைப் பக்கம்
கையை நீட்டினாள்.