மிச்சம் நாலு எண்

பரீட்சைப் பாரத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
"ஐசியைப் பார்த்து எழுதுங்க, பேனாவுல" என்ற டீச்சர்
மூன்றாம் வரிசைக்கு வந்ததும் குரலைத் தணித்தார்:
"ஹேமலோசினி, நீ மட்டும் அப்படியே விட்டுரும்மா."
தணித்த குரல்தான்
வகுப்பு முழுக்கக் கேட்டது.

நான் அவளுக்குப் பின் மேசை.
ஒரு வயது மூத்தவன்.
மலாய் ஏறாமல் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார்ந்து
தங்கச்சியோடு வந்து சேர்ந்துகொண்டவன்.
எங்களுக்கு ஒரே அப்பா,
செம்பனை ஆலைக்குப் பின்னால் ஒரே வீடு,
பகாவ் டவுனுக்குப் போக ஒரே மோட்டார்.
என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனாள்.
அவளிடம் நீல ஐசி இருந்தது.
என்னை வளர்த்தவள் ஹேமாவைப் பெற்றவள்.
அவளும் இதே தோட்டத்தில் பிறந்தவள்தான்,
எழுதிவைக்கத்தான் ஆளில்லை.
கல்யாணம் கோயிலில் நடந்தது,
காகிதத்தில் நடக்கவில்லை.

அதனால் ஹேமாவின் பிறப்பு சூராவில்
என்னுடையதைவிட ஒரு வரி கூடுதல்:
புக்கான் வார்கானெகாரா.

போன வருஷம் பசார் மாலாமில்
என் ஐசி தொலைந்தது.
அபராதம், வரிசை, சிரம்பானுக்கு பஸ் காசு,
அரைநாள் போச்சு என்று
சோற்றுத் தட்டின் முன்னால் எல்லோரையும் திட்டினேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
டார்ச் எடுத்துக்கொண்டு போனாள்.
பத்து மணிக்கு மேல் வந்தாள்,
கால் முழுக்க சாக்கடைச் சேறு.
அப்பம் பாலிக் கடைக்குப் பின்னால் கிடந்ததாம்.
பாவாடையில் துடைத்து நீட்டினாள்.
"மூஞ்சி சகிக்கல" என்றாள்.
மறுநாள் அம்மா சொன்னாள்,
ஒன்பது மணிக்கே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாளாம்,
தெருவிளக்கின் கீழே நின்று
ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இப்போது அவள் பென்சில் எடுப்பதைப் பார்க்கிறேன்.

முதல் ஆறு கட்டம் பிறந்த நாள்.
அது அவளுக்குத் தெரியும்.
அடுத்த இரண்டு மாநிலம்.
ஜெம்போல் ஆஸ்பத்திரியில் பிறந்தவளுக்கு
சுழியம், ஐந்து.
எட்டு கட்டத்தை நிரப்பிவிட்டு
பன்னிரண்டாவதின் ஓரத்தில்
சின்னதாக எழுதினாள்: இரட்டைப்படை.
பெண்களுக்கு அப்படித்தான் முடியும்.
திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"மிச்சம் நாலு நம்பர்தான்டா.
அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுக்கிறாரே,
நாய் கனவுல வந்தா ஒண்ணு, பாம்பு வந்தா ஒண்ணு.
எனக்கு ஒரு தடவ அடிக்காதா?"

கவினேஷ் சிரித்தான்.
ஜோக் என்று நினைத்துத்தான் சிரித்தான்.
நானும் சிரித்திருப்பேன், வேறு வீட்டில் பிறந்திருந்தால்.

பதிவிலாகாவுக்கு அவள் எத்தனை தடவை போனாள் என்று
எனக்குக் கணக்கு தெரியாது.
ஒவ்வொரு தடவையும் நான் மோட்டாரில் கூட்டிப்போவேன்,
வெளியே தே ஆயிஸ் குடித்துக்கொண்டிருப்பேன்.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
அதே நீல ஃபைலோடு வருவாள்.
"என்ன சொன்னாங்க?"
"துங்கு."
காத்திரு. அவளுக்கு அவர்கள் கொடுத்தது
அந்த ஒரு சொல்தான்.

டீச்சர் பாரங்களை வாங்க வந்தார்.
ஹேமா அழிரப்பரை எடுத்து
ஒவ்வொரு எண்ணாக அழித்தாள்,
அவசரமே இல்லாமல்,
கடைசியில் அந்த இரட்டைப்படையையும்.
தூசியை ஊதிவிட்டாள்.

நான் குனிந்து என்னுடையதைப் பார்த்தேன்.
ஏழாவது கட்டத்தில் தப்பு.
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே
தப்பாக எழுதியிருந்தேன், பேனாவில்.
"பரவாயில்ல" என்றார் டீச்சர்.
இன்னொரு பாரம் கொடுத்தார்.

எனக்கு எப்போதும்
இன்னொன்று கொடுப்பார்கள்.