கலாமா

இது கண்டோஜி.
பெரிய அரச ஏரி என்று பொருள்.
அரசன் எவனும் வெட்டவில்லை,
வெள்ளைக்காரன் ஊருக்குத் தண்ணீர் தேக்கினான்.
இந்த இடத்தில் எல்லாப் பயணிகளும்
கைப்பேசியை எடுத்து நேரம் பார்ப்பார்கள்.

சரி, அதோ பாருங்கள், கரவெய்க்.
பொன் பூசிய இரட்டைப் பறவை முதுகில் ஓர் அரண்மனை.
மிதப்பதுபோல் இருக்கும், மிதக்காது.
அடியில் கான்கிரீட், உள்ளே பஃபே.
ஐம்பது வருடமாக இதோ கிளம்பிவிட்டேன் என்கிற தோரணை,
ஒரு சாண் நகர்ந்ததில்லை.
"எங்க ஊரு மெட்ரோ வேலை மாதிரி," என்றார்
மடிப்பாக்கம் சபேசன்.
சிரித்தேன்.
சிரிப்பும் கட்டணத்தில் சேர்த்திதான்.

மூன்று பேர் வந்திருந்தார்கள்.
சபேசன், அவர் மனைவி கோதாவரி,
அவர்களோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் ரின்புயி.
ஐஸ்வாலில் பிறந்தவள், வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறாள்,
"அண்ணா, வெயில் மண்டையப் பிளக்குது" என்று
என்னைவிட நல்ல தமிழில் சலித்துக்கொண்டாள்.

மரப்பாலத்தருகே
மீனுக்குப் பொரி விற்கும் பையன்
"கலாமா! கலாமா!" என்று கையாட்டினான்.
கோதாவரிக்கு ஒரே பூரிப்பு.
"என்ன மரியாதை பாருங்க!
கலாம்மான்னு கூப்பிடுறான்.
உங்க பேர் அம்சவேணின்னு சொன்னீங்களே,
கலா வீட்டுப் பேரா?"

ஆமாம், என்றேன்.
இந்த ஊர் முழுக்க அதுதான் என் வீட்டுப் பேர்.

பொரி இரண்டு பொட்டலம் வாங்கினார்கள்.
மீன்கள் வாய் வாயாக மேலே வந்தன.
தண்ணீருக்குள் ஷ்வேடகோன் தலைகீழாகத் தொங்கிற்று,
ஒவ்வொரு பொரிக்கும் உடைந்து
ஒவ்வொரு முறையும் கூடிற்று.

பத்தே காலுக்குத் தெற்கு வாசல்.
இங்கேதான் செருப்பைக் கழற்ற வேண்டும்.
என்னைத் தெரிந்த கவுண்டர்க்காரர் இன்று விடுப்பு,
புதுப் பையன், மீசை முளைத்தும் முளைக்காமலும்.
ரின்புயியைப் பார்த்தான்,
"போங்க அக்கா" என்று பர்மியத்தில் சொல்லிக் கைகாட்டினான்.
அவள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.
உள்ளூர்க்காரர்களுக்குச் சீட்டு கிடையாது.

பிறகு விரலால் எண்ணினான்:
தித், நிட், தோன்.
மூன்றாவது விரல் என் மேல் நின்றது.

பால் வேறு நீர் வேறாகப் பிரிக்குமாம் அன்னம்,
என் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனுக்கு
மூக்கு தெரியும், நிறம் தெரியும்.
பையில் இளஞ்சிவப்பு அட்டை இருந்தது.
அப்பா ஒன்பது வருடம் நடந்து வாங்கிக் கொடுத்தது.
வழிகாட்டி உரிமம் இருந்தது, மா தீடா என்ற பெயரில்.
ஜிப்பைத் திறந்தேன்.
பின்னால் வரிசை முனகியது.
ஜிப்பை மூடினேன்.
ஏன் மூடினேன் என்று
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இருங்க, மூணு பேருக்கும் நானே தர்றேன்," சபேசன் தாராளம்.
பையன் மரியாதையாகத்தான் ஒட்டினான்,
வெளிநாட்டவருக்கான வட்டச் சீட்டை, தோளுக்குக் கீழே.
கோணலாக இருந்ததைக் கோதாவரி நிமிர்த்திவிட்டார்.

மேலே சலவைக்கல் சுட்டது.
கையில் பூவோடு ஓர் ஆள் ரின்புயியிடம்
மடமடவென்று என்னவோ கேட்டார்.
அவள் விழித்தாள்.
சனிக்கிழமை மூலை எங்கே என்கிறார், என்றேன்.
அவரிடம் திரும்பிச் சொன்னேன்:
இடப்பக்கமாகப் போங்கள், முதல் திருப்பம்,
நாகம் இருக்கும், தண்ணீர்க் குவளை அங்கேயே இருக்கும்.

அவர் என் முகம் பார்த்தார்.
சீட்டைப் பார்த்தார்.
பூரித்துப்போனார்.
"வெளிநாட்டுக்காரியாக இருந்தும்
எங்கள் பாஷையை எவ்வளவு அழகாகப் பேசுகிறாய்!"

நன்றி சொன்னேன்,
இன்னும் கொஞ்சம் அழகாக.

"இங்கேர்ந்து அந்த ஏரி தெரியுமா?" கோதாவரி கேட்டார்.
தெரியாது, மரம் மறைக்கும்.
ஏரியிலிருந்து பார்த்தால்தான் இது தெரியும்.
வாருங்கள், அடுத்தது மணி.