பேரிமரப் பலகையில் ஓர் ஊர்

முதலில் அது வெள்ளம்.
ஹங்கேரிப் பக்கம் ஏதோ ஓர் ஊர்,
பெயரைக் கொண்டுவந்தவனுக்கே உச்சரிக்க வரவில்லை.
வியாழன் இரவு சேதி; சனிக்கிழமைச் சந்தைக்குத் தாள் வேண்டும்.
போகாத ஊரைக் குனிகுண்டே எப்படிச் செதுக்குவாள்?
சன்னலைத் திறந்தாள்.
தன் தெருவையே இடம்வலம் மாற்றிச் செதுக்கினாள்:
கோணல் கோபுரம், ரொட்டிக்கடை,
மாடியில் சட்டை உலர்த்தும் ஓர்ட்ரூட்.
கீழே நாலு வளைகோடு.
தண்ணீர்.

ஐந்நூறு தாள். உச்சிக்குள் தீர்ந்தது.

மறு வருடம் இத்தாலியில் நிலநடுக்கம்.
முதலாளி ஃபைட் பலகையைத் துடைத்து
தண்ணீரை மட்டும் சீவி எடுக்கச் சொன்னார்.
மேலே எழுத்துக் கோத்தவன் நான்.
பத்து ஈயத்துண்டைப் பிரித்தால் ஒரு நகரம் காலி,
பத்தைச் சேர்த்தால் இன்னொன்று இடியும்.
கை கூசவில்லை. கூலி வாரத்துக்கு ஒருமுறை.

பிறகு முற்றுகை.
பிறகு கொள்ளைநோய்.
பிறகு ஆலங்கட்டி மழை. அந்த முறை
பலகையில் பூச்சி அரித்த துளைகள்
வெள்ளை வெள்ளையாய் விழுந்தன.
‘ஒவ்வொரு கட்டியும் தெரிகிறதே!’ என்று
பாதிரியார் ஒருவர் மூன்று தாள் வாங்கினார்.

அத்தனை அழிவிலும் ஓர்ட்ரூட்
அதே சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.
ஹாம்பர்க்கில் ஒரு மாலுமி
அவள் ஆன்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினானாம்.
ப்ராகில் எவனோ படத்தை ஒற்றியெடுத்து
வேறு பலகை செய்துவிட்டான்;
அதில் அவளுக்கு ஆறு விரல்.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
‘சட்டையாவது காய்ந்ததா?’ என்று கேட்டாள்.

பதினோராம் ஆண்டு,
யாருடைய வைக்கோல் பரணிலோ தொடங்கி
எங்கள் தெரு எரிந்தது.
ரொட்டிக்கடை முதலில். கோபுரம் மணியோடு.
ஓர்ட்ரூட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

குனிகுண்டே உளியை எடுத்தாள்,
கட்டுப்போட்ட விரலுக்குள் அது நிற்கவில்லை.
புதுப்படத்துக்கு நேரமும் இல்லை.
பழைய பலகைக்கே மை தடவினார் முதலாளி.
ஆக்ஸ்பர்க் என்று கோத்தேன்.
மூன்று தரம் சரிபார்த்தேன்.
படமும் பெயரும்
ஒரே ஊராய் இருந்தது அன்றுதான்.

உல்ம் சந்தையில் விரித்து வைத்தோம்.
கோழி விற்பவள் ஒருத்தி
ஒரு தாளை எடுத்து, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து,
‘இது எங்க வீட்டுச் சுவர்ல ரெண்டு வருஷமா இருக்கே’
என்று திருப்பிக் கொடுத்தாள்.

தூறல் விழுந்தது.
சாக்கை இழுத்து மூடினேன்,
ஓர்ட்ரூட்டின் சட்டை நனையாமல்.