நாலு ஸ்லொட்

உட்துறைமுக வீதிக் கடையில்
றிஃபாய் இரண்டு மதர்போட்டை
மீன்போலக் கண்ணாடிமேல் கிடத்துகிறான்.
ஏற்கெனவே வாங்கிவிட்ட பிராசசருக்கு
இவை இரண்டும்தான் பொருந்தும்.
ஒன்றில் ராமுக்கு இரண்டு ஸ்லொட்.
மற்றதில் நாலு; ஆறாயிரம் கூட.

"ரெண்டு எட்டு, பதினாறு. போதுமே அக்கா."

போதும்தான்.
சீட்டுக்காசும் இன்னும் கட்டவில்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.
என் விரல் நாலில் நிற்கிறது.

இரவு, பொத்தானை அமுக்க
மூன்று பீப். கறுப்புத் திரை.
ராமைக் கழற்றி
மகளின் அழிறப்பரால்
அதன் தங்கப் பற்களைத் தேய்த்து
'டக்' என்னும்வரை அழுத்தினேன்.

16384 என்றது திரை.

வெறும் ஸ்லொட் இரண்டிலும்
உப்புக்காற்று ஏறாதிருக்க டேப் ஒட்டி,
கொழும்பு பஸ் சீட்டில்
லேஞ்சி போட்டவள்போல
பேனையால் எழுதினேன்:
ஆள் வரும்.