தண்ணீர் அடைத்த மாதம்

டிராவல்ஸ் பையன் அஸ்கர் கொடுத்த தாளில்
ஏழு நாளைக்கு முப்பத்தியோரு இடம்.
காலை ஐந்தரைக்கு லாபியில் நிற்கணும்,
கொடி பிடித்தவர் பின்னால் நடக்கணும்,
தூக்கத்தை விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.
"இதுக்கு நான் அணைக்கட்டிலயே கெடப்பேன்" என்றார் இவர்.
தாளைத் திருப்பினேன்.
வெள்ளைப் பக்கத்தில் செங்டு என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்.
அன்றைக்கு அவ்வளவுதான் திட்டம்.

ஸ்ரீவைகுண்டத்தில் மதகு சோலி இவருக்கு.
வடகாலுக்கு இத்தனை, தென்காலுக்கு இத்தனை என்று
இருபத்தெட்டு வருஷமாக ஆற்றுக்குப் பங்கு பிரிக்கிறார்.
எங்கள் கல்யாணத்துக்கே
கால்வாய் அடைத்த பிறகுதான் நாள் பார்த்தார்கள்.
பிசானம் அறுத்து முடிந்து
மார்ச் கடைசியில் தண்ணீரை நிறுத்தினால்
ஜூனில் கார் சாகுபடிக்குத் திறக்கும்வரை
மனுசன் கை என்ன செய்வதென்று தெரியாமல்
வீட்டுக் குழாயைத் திறந்து மூடும்.

முதலில் ஹாங்சோ பார்த்தோம்.
ஏரி அழகுதான்.
"ஏரி நமக்குத் தெரியாததா" என்று தள்ளிவிட்டார்.

செங்டுவில், பூங்காவுக்குள்ளே டீக்கடை.
மூங்கில் நாற்காலி.
ஒரு கிண்ணத்துக்குக் காசு கொடுத்தால்
சாயங்காலம் வரை வெந்நீர் ஊற்றுவார்களாம்,
யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்களாம்.
"எடத்துக்கு வேற ஆள் வரலியா?"
நம்பாமல் கேட்டார்.
அதற்கு இரண்டு நாள் ஒதுக்கினேன்.
காது குடைகிறவர் இடுக்கியைத் தட்டிக்கொண்டு வருவார் என்றதும்
பேனாவை வாங்கி
'வேண்டாம் என்று கையை ஆட்டவும்'
என்று இவரே எழுதினார்.

பாண்டாவுக்கு ஒரு காலை.
மலையைக் குடைந்த புத்தர் எழுபது மீட்டராம்,
பாதத்திலிருந்து தலைவரை படியாம்.
என் முழங்காலைக் கேட்டேன்.
அடித்தாகிவிட்டது.
அந்த ஊர் மிளகில் நாக்கு மரத்துப் போகுமாம்,
பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி.
இட்லிப்பொடி ஒரு டப்பா.

பிறகு துஜியாங்யான்.
செங்டுவிலிருந்து ரயிலில் அரைமணி, முக்கால் மணி.
ஆற்று நடுவே மீன் வாய்போல ஒரு கரை,
தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிகிறது.
ஆறு வற்றினால் பெரும்பங்கு வயலுக்கு,
வெள்ளம் வந்தால் பெரும்பங்கு ஆற்றோடு.
இரண்டாயிரத்து இருநூறு வருஷமாக
அது பாட்டுக்குப் பிரிகிறது.
"ஷட்டர்?"
இல்லை.
"அப்போ ராத்திரி யாரு முழிச்சிருக்கா?"
போனை வாங்கி வீடியோவைத் திரும்பப் பார்த்தார்.
திரும்பவும்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை.
ஆற்றின் பேர் மின் என்றேன்.
சிரிக்கவில்லை.
முழு நாள், என்று எழுதினேன்,
பக்கத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலியாக இருக்கிறதே என்றான் அஸ்கர்.
இருக்கட்டும் என்றேன்.
"ஒரு கோயிலாவது போடட்டுமா அக்கா?"
வேண்டாம்ப்பா.

அந்த டிசம்பரில்
ஆறு ரோட்டுமேல் வந்தபோது
மூன்று நாள் இவர் வீட்டுக்கு வரவில்லை.
நாலாம் நாள் டிராக்டரில் வந்து இறங்கி
சேற்றுக் காலோடு கட்டிலில் விழுந்தார்.
அதற்குப் பிறகு எந்த மழையும்
இவரைப் படுக்க விடுவதில்லை.
நாலு சொட்டு தகரத்தில் விழுந்தால் போதும்,
எழுந்து உட்கார்ந்து டார்ச்சைத் தேடுவார்.

வானிலைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.
அதை மட்டும் நான் இவரிடம் வாசிக்கவில்லை.
ஏப்ரலில் அங்கே
மழை அநேகமாக ராத்திரியில்தானாம்.
விடியும்போது தெரு நனைந்து கிடக்குமாம்.

இவர் மதகுக்கு வராத மழை.
போன் அடிக்காத மழை.
முதல் ராத்திரி எழுந்து உட்காரத்தான் செய்வார்.
இரண்டாம் ராத்திரியும்.
அதற்குத்தான் ஒரு வாரம்.

ஜன்னல் திறக்கிற அறையாகக் கேட்டிருக்கிறேன்.
வெளியே எங்கேயாவது ஒரு தகரம் இருந்தால் நல்லது.
அஸ்கரிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.